பத்துப் பாத்திரம் யார் தேய்ப்பது?

(நமது சங்கத்தின் திருப்பதிக் கிளைக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் டெலிபோனில் கூப்பிட்டு, "ஸார், அடுத்த கூட்டத்தில் நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டும். நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் லாபரட்டரியில் அந்த ஜலத்தைத்தான் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆன பிறகும் அதையேவா என்று தோன்றியது. "பாத்திரம் தேய்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். செயலாளரிடமிருந்து சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

மாமிகள் சிரிக்கிறீர்கள். மாமாக்கள் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. டிஷ்வாஷர் என்கிற பாத்திரம் தேய்க்கும் இயந்திரம் இப்போது நம்மவர் வீடுகளில் ஒரு விவகாரமாக இருக்கிறது. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் பிள்ளை வாங்கிக்கொடுக்கிறேன் என்கிறான். ஊரில் இருக்கும் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஆசாரம் போய்விடும், ஜலம் வீணாகும், கரண்டு ஆகும், நம் கடாயும் குக்கரும் அதில் சுத்தமாகாது, வேலைக்கு ஆள் இருக்கும்போது எதற்கு என்று காரணங்கள் வருகின்றன. பத்து வருஷம் நானும் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது அஞ்சு வருஷமாக எங்கள் வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது. அதை விற்கவும் நான் வரவில்லை, வையவும் வரவில்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பத்து என்றால் ஒட்டுவது

முதலில் "பத்து" என்ற வார்த்தை. "பற்று" என்பதுதான் பேச்சில் பத்து ஆகிவிட்டது. பற்று என்றால் ஒட்டிக்கொள்வது. சாதம் ஒட்டியிருக்கும் பாத்திரம் பத்துப் பாத்திரம். நம் ஜில்லாவில் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும். அதிலே தேய்க்கப் போடும் பாத்திரத்துக்கு "அண்ட்லு" என்று பேர். "அண்டு" என்றாலும் ஒட்டுவது, தொடுவது, அதிலிருந்து வரும் தீட்டு. இரண்டு பாஷையும் ஒரே விஷயத்தைத்தான் கவனித்திருக்கின்றன.

கெமிஸ்ட்ரியும் அதையே சொல்கிறது. அரிசியில் இருப்பது ஸ்டார்ச். சூடான ஜலத்தில் அது ஜலத்தை இழுத்துக்கொண்டு உப்பிப் பசையாகிறது. அந்தப் பசை காய்ந்தால் வார்னிஷ் அடித்த மாதிரி பாத்திரத்தில் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நம் பாட்டிகள் சாப்பிட்டவுடன் தட்டில் ஜலம் விடு என்று கத்தினார்கள். அக்ஷய பாத்திரக் கதை ஞாபகம் வருகிறது. திரௌபதி தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்திலும் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத்தான் கிருஷ்ணன் எடுத்துச் சாப்பிட்டான் என்று உபன்யாசங்களில் கேட்டிருக்கிறோம். ஸாக்ஷாத் திரௌபதி தேய்த்ததிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், நம் வீட்டில் தேய்ப்பவரை ஒரு பருக்கைக்காகக் கோபித்துக்கொள்வது நியாயமா?

சித்தூர் வீட்டுக் கிணற்றடி

நான் பிறந்து வளர்ந்தது சித்தூர் கட்டமஞ்சியில். வீட்டில் பதினோரு பேர். காலையில் காப்பிப் பாத்திரங்கள், பத்தரைக்குள் சாப்பாட்டுப் பாத்திரங்கள், சாயந்திரம் டிபன், ராத்திரி மறுபடியும் சாதம். எல்லாம் கிணற்றடிக் கல்லில் வந்து விழும். வெங்கலப் பானை, பித்தளைத் தவலை, இரும்புக் கடாய், கல்சட்டி, ஈயச்சொம்பு. எவர்சில்வர் வீட்டுக்குள் வர ஆரம்பித்த காலம் அது. அப்பா பாட்டிக்கு அதிலே நம்பிக்கை கிடையாது. "கனமும் இல்லை, நாதமும் இல்லை" என்பாள்.

தேய்க்க அடுப்புச் சாம்பல், புளிச் சக்கை, தேங்காய் நார். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அரப்பு அல்லது சீயக்காய். இதை நான் திருப்பதி எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கும்போதுதான் புரிந்துகொண்டேன். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம். எண்ணெயோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாகவே மாறுகிறது. புளியில் டார்டாரிக் அமிலம். பித்தளையின் மேல் படியும் கறுப்பை அது கரைத்துவிடும். சீயக்காயில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள். படிக்காத என் பாட்டி கிணற்றடியில் ஒரு லாபரட்டரியே நடத்தியிருக்கிறாள்.

தேய்த்தது பாட்டி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கொல்லைப்புறச் சந்து வழியாக ஒரு அம்மாள் வருவார். தேய்த்துக் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டுப் போவார். அம்மா இரண்டு குடம் ஜலம் இறைத்து அவற்றின் மேல் கொட்டி, பிறகுதான் உள்ளே எடுத்துப் போவாள். அந்த அம்மாளுக்கு ஒரு டம்ளர் உண்டு. கிணற்றுச் சுவரின் மேல் இருக்கும். காப்பியை மேலேயிருந்து அதில் விடுவார்கள். குடித்துவிட்டு அவரே அலம்பி அங்கேயே வைப்பார். எங்கள் பதினோரு பேர் எச்சிலையும் தேய்த்தவர் அவர். அவர் குடித்த ஒரு டம்ளர் எங்கள் டம்ளர்களோடு சேரக்கூடாது. அப்போது இது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. படாமல் இருந்ததைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

அந்த அம்மாள் வராத நாளில் அம்மாவோ அத்தையோ தேய்ப்பார்கள். அப்பா, சித்தப்பா, அண்ணா, நான் யாருமே தேய்த்ததில்லை. எங்களைத் தேய்க்கச் சொன்னவர்களும் இல்லை.

க்ஷாரம், அம்லம், ஜலம்

ஆசாரக் குறைவு என்கிற ஆட்சேபத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் சந்தியாவந்தனம் செய்கிறவன். சாப்பிட்ட தட்டையும் சமைத்த பாத்திரத்தையும் ஒரே பெட்டியில் போடலாமா, ஒரே ஜலம் சுற்றிச் சுற்றி அடிக்கிறதே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மெஷினுக்குள் நடப்பது இதுதான். அடியில் கொஞ்சம் ஜலம் எடுத்துச் சூடாக்கி, சுற்றும் குழல்கள் வழியாக வேகமாகப் பீய்ச்சுகிறது. அழுக்கு வந்தவுடன் அந்த ஜலத்தை வெளியே தள்ளிவிட்டுப் புது ஜலம் எடுக்கிறது. இப்படிப் பல தடவை. தேய்க்கும்போது 50 முதல் 70 டிகிரி வரை சூடு. கடைசி அலம்பலும் வெந்நீரில்தான். கையைப் பொசுக்கும் அந்தச் சூட்டில் எந்த மனுஷரும் பாத்திரம் தேய்க்க முடியாது.

மனு ஸ்மிருதியின் அஞ்சாவது அத்தியாயத்தில் தாமிரம், இரும்பு, வெங்கலம், பித்தளை, ஈயம் ஆகியவற்றுக்குச் சுத்தி சொல்லும் இடத்தில் மூன்று பொருள்கள் வருகின்றன. க்ஷாரம், அம்லம், ஜலம். அதாவது காரம், புளிப்பு, தண்ணீர். மெஷினில் போடும் பொடி சோடியம் கார்பனேட் கலந்த காரம். பளபளப்புக்காகக் கடைசியில் விடும் திரவத்தில் சிட்ரிக் அமிலம் இருக்கும். மிச்சம் ஜலம். பாட்டியின் சாம்பலும் புளியும்தான் வேறு வேஷத்தில் வந்திருக்கின்றன. கூடுதலாக அந்தப் பொடியில் ஸ்டார்ச்சைக் கரைக்கும் அமைலேஸ், புரதத்தைக் கரைக்கும் புரோட்டியேஸ் என்ற என்ஸைம்கள். நம் உமிழ்நீரிலும் அமைலேஸ் இருக்கிறது. வாயில் சாதத்துக்கு நடப்பதுதான் மெஷினில் பருக்கைக்கும் நடக்கிறது.

அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் சமைத்த பாத்திரங்களை ஒரு தடவை, சாப்பிட்ட தட்டுகளை ஒரு தடவை என்று தனித்தனியாகப் போடலாம். நைவேத்தியப் பாத்திரத்தையும் பஞ்சபாத்திரத்தையும் கையால் தேய்க்கலாம். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான். இதற்காக மாமியாரும் மாட்டுப்பெண்ணும் சண்டை போட வேண்டியதில்லை.

சிகாகோவில் ஒரு பெண்மணி

இந்த மெஷின் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் ஜோஸஃபின் காக்ரேன் என்று ஒரு பெண்மணி. வசதியான குடும்பம். அவருடைய அருமையான பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் தேய்க்கும்போது விளிம்பு உடைத்துவிட்டார்கள். அதனால் தானே ஒரு மெஷின் செய்யக் கிளம்பினார். 1883-ல் கணவர் கடனை வைத்துவிட்டுக் காலமானார். விடாமல் வேலை செய்து 1886 டிசம்பர் 28-ல் பேடண்ட் வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மெஷின் இடம்பெற்றது.

1893, சிகாகோ என்றதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அந்தக் கண்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத சபையில்தான் செப்டம்பர் 11-ல் சுவாமி விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்ப மெட்ராஸில் வீடு வீடாக நிதி திரட்டியவர்களில் முதன்மையானவர் அளசிங்கப் பெருமாள். அந்தப் பேச்சு நம் வீடுகளுக்கு உடனே வந்து சேர்ந்தது. அதே ஊரில் அதே வருஷம் காட்டிய மெஷின் வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவிலும் முதலில் அதை வாங்கியவை ஹோட்டல்கள்தான். வீடுகள் வாங்கவில்லை. அங்கே அது வீடுகளில் பரவியது 1950-களுக்குப் பிறகு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்தப் பெண்மணி மெஷின் செய்யக் கிளம்பியது தட்டு உடையாமல் இருக்க. தேய்ப்பவர் கை நோகாமல் இருக்க என்பது அங்கே முதல் காரணமாக இல்லை.

கிரைண்டர் வந்தது, இது ஏன் வரவில்லை?

நாம் மெஷினுக்கு விரோதிகள் இல்லை. கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது, ஆட்டுக்கல் தோட்டத்துக்குப் போயிற்று. மிக்ஸி வந்தது, குக்கர் வந்தது, காஸ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாசம் முணுமுணுப்பு, பிறகு அது இல்லாமல் முடியாது. டிஷ்வாஷருக்கு மட்டும் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

நான் யோசித்துப் பார்த்ததில் காரணம் இதுதான். பாத்திரம் தேய்க்க நமக்குக் குறைந்த சம்பளத்தில் ஒரு கை கிடைத்தது. கிடைக்காத அன்று வீட்டுப் பெண்மணியின் கை இலவசமாகக் கிடைத்தது. பணம் கொடுத்து மெஷின் வாங்கலாமா என்று முடிவு செய்த கை பாத்திரமே தேய்த்ததில்லை. என் கையைத்தான் சொல்கிறேன்.

2020

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் திருப்பதி வீட்டில். எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு வருஷமாக வந்துகொண்டிருந்த அம்மாள் வர முடியவில்லை. என் மனைவிக்கு அப்போது அறுபத்தாறு வயசு. மூன்று வேளையும் சமைத்து, மூன்று வேளையும் தேய்த்தாள். நான் பேப்பர் படித்தேன். மே மாதம் அவள் வலது கை விரலில் நகச்சுற்று வந்தது. ஒன்று ஆறினால் இன்னொன்று. டாக்டர் டெலிபோனிலேயே, "கை ஜலத்தில் ஊறக்கூடாது மாமி. இல்லாவிட்டால் ஆறாது" என்று சொல்லிவிட்டார்.

அப்படியாக என் எழுபதாவது வயசில் முதல் தடவையாகப் பாத்திரம் தேய்க்க நின்றேன்.

முதல் நாள் ரசம் வைத்த பாத்திரமும் ஆறு டம்ளரும் சுலபமாக முடிந்தன. கர்வமாக இருந்தது. பிறகு அடிப்பிடித்த பால் பாத்திரம் வந்தது. குக்கர் மூடியின் காஸ்கெட் இடுக்கில் பருப்பு. சேப்பங்கிழங்கு வறுத்த கடாய். முடிக்க அம்பது நிமிஷம் ஆயிற்று, இடுப்பு விட்டுப்போயிற்று. கையை நிமிர்த்தும்போது என் மனைவி, "ராத்திரிப் பாத்திரம் இன்னும் வரலையே" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த கணக்கு அது.

மூன்றாம் நாளே நான் ஒரு வேலை செய்தேன். எண்ணெய் வழிய ஏதாவது பண்ணச் சொல்லிக் கேட்பதை நிறுத்தினேன். நாற்பத்தைந்து வருஷமாக அப்பளம் பொரித்தால் தேவலை, வடாம் வறுத்தால் தேவலை என்று கேட்டவன், கடாயை நானே தேய்க்க வேண்டும் என்றதும் சுட்ட அப்பளமே தேவாமிர்தம் என்றேன்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமானது. அந்த அம்மாளுக்கு ஏப்ரல் சம்பளம் முழுசாகக் கொடுத்தோம். மே மாதம் பாதி. ஜூனில் கொடுக்கவில்லை, ஜூலையில் கொடுக்கவில்லை. வேலைக்கு வரவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள் கேட்கவும் இல்லை.

அதே சமயம் எங்கள் பென்ஷன் விஷயம் ஒன்று நடந்தது. நம் மாநிலத்தில் ஊரடங்கின் தொடக்கத்தில் பென்ஷனில் ஒரு பகுதியைத் தள்ளிவைத்தார்கள். கஜானா நிலைமை அப்படி. ஒரு ரிடையர்டு ஜட்ஜ் அம்மையார் கேஸ் போட்டார். ஆகஸ்டில் ஹைகோர்ட், பாக்கியை 12 சதவிகித வட்டியோடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பிறகு 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் வட்டியை 6 சதவிகிதமாகக் குறைத்தது. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும், சம்பளமும் பென்ஷனும் உரிமை என்று சொல்லிவிட்டது. ஆகஸ்ட் மாதம் பேப்பரில் அந்தச் செய்தியை நான் சத்தம் போட்டு என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "பார்த்தியா, பன்னண்டு பர்சென்ட்!" என்றேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே, "நாம அவளுக்கு எத்தனை பர்சென்ட் கொடுக்கறதா இருக்கோம்?" என்றாள்.

பஞ்சப்படி ஒரு தவணை தாமதமானால் பென்ஷனர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவன் நான். எனக்குப் பதில் வரவில்லை. அன்று சாயந்திரமே பக்கத்து வீட்டுப் பையனிடம் பாக்கியைக் கொடுத்தனுப்பினோம். வட்டி என்று பேர் சொல்லாமல் கொஞ்சம் சேர்த்து.

"இக நேனு ராவத்தா?"

செப்டம்பரில் பெங்களூரிலிருந்து என் பெண் மெஷினை அனுப்பிவிட்டாள். அம்மா கையைப் பார்த்துப் பயந்து, என்னைக் கேட்காமலேயே செய்தாள். நானும் எதுவும் சொல்லவில்லை. நாலு மாசம் தேய்த்தவன் எப்படிச் சொல்வேன்?

அதே வாரம் அந்த அம்மாளும் வேலைக்குத் திரும்பி வந்தார். சமையலறையில் புதுப் பெட்டியைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். என் மனைவி சொன்னாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு என்னிடம் திரும்பி, "இக நேனு ராவத்தா, ஸார்?" என்றார். இனி நான் வர வேண்டாமா என்று அர்த்தம்.

ஆசாரம், ஜலம், கரண்டு என்று பத்து வருஷம் பேசினேனே, அதிலே ஒரு தடவைகூட இந்தக் கேள்வி வரவில்லை. மெஷின் யார் வேலையை எடுத்துக்கொள்ளும், அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை. என் மனைவி உடனே, "வராம எப்படி? பெரிய பாத்திரமெல்லாம் யார் தேய்ப்பா? காய் நறுக்கித் தா, வீடு துடை. சம்பளம் அதேதான்" என்றாள். அப்படியே இன்று வரை நடக்கிறது.

வீட்டு வேலை செய்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் 189-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் தேசம் அதை ஆதரித்து ஓட்டுப் போட்டது. இன்னும் உறுதிசெய்து கையெழுத்திடவில்லை. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இவர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் கமிட்டி அமைக்கும்படி மத்திய சர்க்காரிடம் சொல்லியிருக்கிறது. சட்டம் வரும்போது வரட்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்க நமக்குச் சட்டம் எதற்கு?

கொஞ்சம் உபயோகமான விஷயங்கள்

மெஷின் வைத்திருப்பவர்களுக்காக லாபரட்டரிக்காரனாக நாலு வார்த்தை.

நம் பக்கத்து போர்வெல் ஜலம் கடினம். கால்சியம், மெக்னீசியம் அதிகம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம். சித்தூர் ஜில்லாவில் எத்தனையோ கிணறுகளில் 200-ஐத் தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன். இந்த ஜலத்தை அப்படியே விட்டால் டம்ளரில் வெள்ளைப் படலம் படியும். மெஷின் சரியில்லை என்று சொல்லிவிடுவோம். அதற்குத்தான் அடியில் உப்புப் போடும் அறை இருக்கிறது. உள்ளே இருக்கும் ரெஸின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ரெஸின் களைத்துப்போனால் உப்பு ஜலம் அதைப் புதுப்பிக்கிறது. சாப்பாட்டுத் தூள் உப்பைப் போடாதீர்கள். இதற்கென்று விற்கும் பெரிய பரல் உப்பைப் போட்டு, உங்கள் ஊர் ஜலத்துக்குத் தக்கபடி அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியத்தைப் போடாதீர்கள். நான் இட்லித் தட்டைப் போட்டேன், கறுத்துவிட்டது. காரம் அலுமினியத்தைத் தின்னும். ஈயச்சொம்பு, பித்தளை, வெங்கலம், வெள்ளி, கல்சட்டி, பழகின இரும்பு தோசைக்கல் இவையெல்லாம் வெளியே. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் உள்ளே. பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள். மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும், முன்னாலேயே அலம்ப வேண்டாம். வாரம் ஒரு தடவை அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழுவுங்கள். கறிவேப்பிலையும் கடுகும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஜலச் செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தேய்த்த நாட்களில் குழாயடியில் வாளி வைத்து அளந்தேன். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர். ஒரு வேளைக்கு இருபது நிமிஷம் குழாய் ஓடியது. 120 லிட்டர். இரண்டு பேர் பாத்திரத்துக்கு! வெட்கமாகிவிட்டது. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தார் 2000-களில் சோதித்தபோது, பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் தேய்க்கச் சராசரியாக 100 லிட்டர் ஆயிற்று என்றும், மெஷினுக்கு 15 லிட்டர் போதும் என்றும் கண்டார்கள். ஆனால் மெஷின்தான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020-ல் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியில், ஒரு தொட்டியில் சோப்பு ஜலம், இன்னொன்றில் அலம்பும் ஜலம் என்று இரண்டு தொட்டி வைத்துத் தேய்த்தால், சுற்றுச்சூழலுக்கு மெஷினைவிடக் குறைந்த கேடுதான் என்று தெரிந்தது. நம் கிணற்றடியில் இரண்டு அண்டா வைத்துத் தேய்த்ததும் அப்படித்தானே? ஜலத்தை வீணடிப்பது கையும் இல்லை, மெஷினும் இல்லை. திறந்துவிட்ட குழாய். கல்யாணி அணையும் தெலுங்கு கங்கையும் இருந்தும் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற திருப்பதிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு டம்ளர்

முடிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

எங்கள் திருப்பதி வீட்டில் கிணறு இல்லை. ஆனால் வேலைக்கு வரும் அம்மாளின் டம்ளர் தனியாகத்தான் இருந்தது, பின்பக்க ஜன்னல் திட்டில். சித்தூர் வழக்கம் எங்களோடு வண்டியேறி வந்துவிட்டது. நாங்கள் அதை யோசித்து வைக்கவில்லை. யோசித்து எடுக்கவும் இல்லை.

மெஷின் வந்து ஒரு மாசம் இருக்கும். என் அக்கா சென்னையிலிருந்து வந்திருந்தாள். ராத்திரி என் மனைவி மெஷினில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரையும் எடுத்து எங்கள் டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்தாள்.

அக்கா பதறிப்போய், "ஏய், அது அவ டம்ளர்டீ!" என்றாள்.

"எழுபது டிகிரி வெந்நீர் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு என் மனைவி கதவைச் சாத்தினாள்.

காலையில் திறந்து பார்த்தபோது எல்லா டம்ளரும் ஒரே மாதிரி இருந்தன. அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒன்றில் அக்காவுக்குக் காப்பி கொடுத்தாள். அக்கா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குடித்தாள். அன்று பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்து ஜன்னல் திட்டைப் பார்த்தார், டம்ளர் இல்லை. என் மனைவி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காப்பி விட்டு, கையில் கொடுத்தாள். மேலேயிருந்து விடவில்லை. அந்த அம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு அலம்பப் போனவரை, "அப்படியே மெஷினில் போடு" என்றாள்.

மெஷின் எங்களைத் திருத்தியது என்று சொல்ல மாட்டேன். டம்ளரை எடுத்துச் சேர்த்து வைக்க மெஷின் எதற்கு? கிணற்றடியிலேயே செய்திருக்கலாம். என் அம்மா இருந்தபோதே செய்திருக்கலாம். கிராஜுவேட் என்றும் ஆபீஸர் என்றும் இருந்த நான் எழுபது வயசு வரைக்கும் செய்யவில்லை. அவ்வளவுதான்.

என் வேண்டுகோள்

நம் சங்கத்து மெம்பர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் சௌகரியம், அவரவர் ஊர் ஜலம், அவரவர் கையிருப்பு. நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான்.

ஒன்று, வேண்டாம் என்று சொல்லும் ஆண்கள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மூன்று வேளையும் தேய்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள். ராஜசூய யாகத்தில் கிருஷ்ணன் எச்சில் இலை எடுத்தான் என்று உபன்யாசத்தில் கேட்டுத் தலையாட்டுகிறோமே, நம் தட்டையாவது நாம் எடுக்கலாம்.

இரண்டு, மெஷின் வாங்குகிறவர்கள், இத்தனை நாள் தேய்த்தவரை அந்த மாதமே நிறுத்திவிடாதீர்கள். வேலையை மாற்றுங்கள், சம்பளத்தை மாற்றாதீர்கள். முடியாதென்றால் வேறு வீடு பார்த்துக்கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

மூன்று, மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டு ஜன்னல் திட்டையும் கிணற்றுச் சுவரையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே ஒரு டம்ளர் தனியாக இருந்தால், அதை உள்ளே எடுத்து வையுங்கள்.

நிலத்தடி நீரைப் பற்றி அடுத்த தடவை பேசுகிறேன் என்று செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கீழே டிபன் தயார் என்று சொன்னார்கள். சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்துப் போடுவோம்.